பேட்டரி 70 சதவீதம்... ஆனாலும் இ.வி. நடுரோட்டில் நிற்பது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலத்துக்குப் பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். போட் ஹவுஸுக்குப் போகிற குடும்பங்கள், தட்சிணசித்ராவுக்குப் போகிறவர்கள், மாமல்லபுரம் வரைக்கும் சும்மா ஒரு ரைடு கிளம்பின நண்பர் கூட்டம். இவர்களுக்கு நடுவே பச்சை நம்பர் பிளேட் வண்டிகள் இப்போது சர்வ சாதாரணம்.

இந்த வண்டிகளை ஓட்டுபவர்களின் கண் அடிக்கடி போவது ஒரே எண்ணுக்குத்தான்: பேட்டரி சதவீதம். 70 இருக்கா, நிம்மதி. 15-க்கு வந்துடுச்சா, பக்கத்தில் எங்கே சார்ஜர் என்று மொபைலை எடுக்கணும். ஆனால் அந்த எண் 70-ஐக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி வேகம் குறைந்து, திரையில் எச்சரிக்கை வந்து, கடைசியில் ஓரங்கட்ட வேண்டிய நிலை வரலாம்.

2024 ஜூனில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது இந்தக் கோளாறுக்காகத்தான். 2022 ஜூலைக்கும் 2024 ஏப்ரலுக்கும் இடையே தயாரான வண்டிகள் அவை. அதாவது நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் பூட்டப்பட்டு வெளியே வந்த கார்கள். அடுத்த மாதம் கியா இந்தியா 1,138 இ.வி.6 கார்களை அழைத்தது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் 1,380. அமெரிக்காவில் எண்ணிக்கை இன்னும் பெரிது. 2024 மார்ச்சில் 98,878 ஹூண்டாய், ஜெனசிஸ் கார்கள், அதே ஆண்டு நவம்பரில் 1,45,235.

இத்தனைக்கும் காரணம் மோட்டார் இல்லை, பெரிய பேட்டரியும் இல்லை. ஐ.சி.சி.யு. என்கிற ஒரு பெட்டி. சார்ஜிங்கைக் கவனிப்பதோடு, அதற்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது: பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது. அந்த வேலையைச் செய்யும் சர்க்யூட்டின் பெயர் டிசி-டிசி கன்வர்ட்டர்.

சாவி 12 வோல்ட்டிடம்

800 வோல்ட் வகைக் காருக்குள் எதற்கு 12 வோல்ட்? ஹெட்லைட், வைப்பர், ஹாரன், கதவு லாக், திரை, பிரேக்குக்கு உதவும் மின்னணு எல்லாமே 12 வோல்ட்டில் ஓடுபவை. பெட்ரோல் கார் காலத்திலிருந்து உலகம் முழுக்க அந்தப் பாகங்கள் அப்படித்தான் தயாராகின்றன. அதை மாற்ற யாரும் அவசரப்படவில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைப்பது கான்டாக்டர் என்கிற தடிமனான மின்சுவிட்ச். அதை மூடிப் பிடித்துக்கொண்டிருப்பதே 12 வோல்ட்தான். அந்த 12 வோல்ட் போய்விட்டால் சுவிட்ச் திறந்துகொள்ளும். பீரோ நிறைய பணம் இருக்கு, சாவி தொலைஞ்சுபோச்சு என்கிற கதை.

பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரியை ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும். மின்சாரக் காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது. அந்த இடத்தில் டிசி-டிசி கன்வர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது நின்றுவிட்டால் கார் கொஞ்ச நேரம் சின்ன பேட்டரியின் இருப்பில் ஓடும். அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

திரும்ப அழைத்தபோது சொல்லப்பட்ட காரணத்தின் சாரம் இதுதான்: நொடிப்பொழுதில் வந்துபோகும் மின்னழுத்த உயர்வுகளும், சூடாகி ஆறி மறுபடி சூடாகும் சுழற்சியும் சேர்ந்து உள்ளே உள்ள பாகங்களை நாளடைவில் சேதப்படுத்தக்கூடும். தீர்வு என்ன? யூனிட்டும் அதன் ஃபியூஸும் சேதமாகியிருந்தால் மாற்றுவது, கூடவே மென்பொருளைப் புதுப்பிப்பது. ஒரு மின்பெட்டியின் கோளாறுக்கு மென்பொருள் எப்படி மருந்தாகும் என்று கேட்கத் தோன்றுகிறதா? இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அது புரிந்துவிடும்.

ஊஞ்சலைத் தள்ளுவது போல

மின்னழுத்தத்தைக் குறைக்க எளிய வழி, நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு மிச்சத்தைச் சூடாக எரித்துவிடுவது. 48 வோல்ட்டிலிருந்து 12 எடுக்க இப்படிச் செய்தால் நான்கில் மூன்று பங்கு மின்சாரம் வீண். யாரும் செய்ய மாட்டார்கள்.

கன்வர்ட்டர் செய்வது வேறு. உள்ளே மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் இருக்கும். அது நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கூடவே ஓடி ஓடித் தள்ள வேண்டியதில்லை. ஒரு தட்டு, விடு, மறுபடி ஒரு தட்டு. நடுவில் ஊஞ்சல் தானே ஓடிக்கொள்ளும். இங்கே ஊஞ்சல் வேலையைப் பார்ப்பது ஒரு காயில். சுவிட்ச் மூடியிருக்கும்போது சக்தியைச் சேமித்து, திறந்ததும் அதை வெளியே கொடுக்கும். எளிமையான வகையில், மொத்த நேரத்தில் கால் பங்கு மட்டும் சுவிட்ச் மூடியிருந்தால் 48 வோல்ட் 12 ஆகிவிடும்.

வெளியே வரும் மின்னழுத்தத்தை ஒரு கட்டுப்பாட்டுச் சிப் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். குறைந்தால் கொஞ்சம் அதிக நேரம் மூடு, கூடினால் குறை. ஹெட்லைட்டைப் போட்டாலும் ஹாரன் அடித்தாலும் 12 வோல்ட் கிட்டத்தட்ட அசையாமல் நிற்பது இதனால்தான். எப்போது, எவ்வளவு வேகத்தில், எந்த வரம்புக்குள் சுவிட்சைத் தட்டுவது என்பதைப் பெரிய கன்வர்ட்டர்களில் மென்பொருள் முடிவு செய்கிறது. தட்டும் விதத்தை மாற்றினால் சுவிட்ச் மேல் விழும் அடி குறையும். மென்பொருள் மருந்தாவது இப்படித்தான்.

காரில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 12 வோல்ட்டின் நெகட்டிவ் காரின் உடம்போடு இணைந்திருக்கும். நீங்கள் தொடும் கதவும் அந்த உடம்புதான். அதனால் நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ள பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் கம்பித் தொடர்பே இருக்கக் கூடாது. ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் காந்தப்புலம் மட்டும்தான் கடந்து போகும். ஸ்கூட்டர்களில் 48, 60 வோல்ட் என்பதால் பல மலிவு கன்வர்ட்டர்களில் இந்தப் பிரிவு கிடையாது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் மொபைலுக்குள்ளும் இதே சங்கதிதான். பேட்டரி 4 வோல்ட் சொச்சம்; பிராசஸருக்கு வேண்டியது 1 வோல்ட்டுக்கும் கீழே. நடுவில் பல குட்டிக் கன்வர்ட்டர்கள் வேலை செய்கின்றன.

எப்போது ‘போதும்’ என்று சொல்லும்?

ஒரு நல்ல கன்வர்ட்டரின் திறமை பாதி மின்சாரம் தருவதில் இருக்கிறது. மீதிப் பாதி, எப்போது தரக் கூடாது என்று தெரிந்திருப்பதில். விலை வித்தியாசமும் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

முதலில் உள்ளே வரும் மின்னழுத்தம். பேட்டரி இறங்க இறங்க மின்னழுத்தம் குறையும். பல்பாக இருந்தால் மங்கலாகி, குறைந்த மின்சாரம் இழுக்கும். கன்வர்ட்டர் நேர் எதிர். வெளியே 120 வாட் தந்தே ஆக வேண்டும் என்பதால், 48 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுத்தது 40-ல் 3 ஆம்பியர், 30-ல் 4 ஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே களைத்துப்போன பேட்டரியை இன்னும் பிழிகிற வேலை. அதனால் ஒரு அளவுக்குக் கீழே போனால் தன்னை அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு அவசியம்.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். 36 வோல்ட்டில் அணைகிறது என்று வைப்போம். அணைந்ததும் பாரம் போய்விடுவதால் பேட்டரி கொஞ்சம் மூச்சு விட்டு 37-க்கு ஏறும். உடனே கன்வர்ட்டர் எழுந்தால் மறுபடி 36, மறுபடி அணையும். டக், டக், டக் என்று லைட் மின்னிக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்க அணையும் அளவுக்கும் எழும் அளவுக்கும் நடுவில் இடைவெளி வைப்பார்கள். 36-ல் அணைந்தால் 39 வந்த பிறகே எழும், அப்படி. ஸ்கூட்டரில் சார்ஜ் குறைவாக இருக்கும்போது ஹெட்லைட் துடிக்கிறதென்றால் பல்பைச் சந்தேகிக்கும் முன் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அதிக மின்னோட்டம். ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் கன்வர்ட்டர் என்ன செய்ய வேண்டும்? இதில் ஆளுக்கொரு பாணி. சிலது வரம்பைத் தொட்டதும் அதற்கு மேல் தராமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். சிலது முற்றிலும் அணைந்து, யாராவது வந்து ஆஃப் செய்து ஆன் பண்ணும் வரை எழாது. இன்னொரு வகை விக்கல் எடுப்பதுபோல: அணையும், சிறிது நேரம் கழித்து முயன்று பார்க்கும், ஷார்ட் இன்னும் இருந்தால் திரும்ப அணையும். ஆங்கிலத்திலும் இதற்கு விக்கல் என்றே பெயர். ஒயர் சூடாகாது, கோளாறு தீர்ந்ததும் தானே எழும் என்பதால் பலருக்குப் பிடித்த முறை.

ஆனால் விக்கல் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. பழைய ஹாலஜன் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது, எரியும்போது இழுப்பதைப்போலப் பத்து மடங்கு வரைகூட ஒரு கணம் இழுக்கும். கன்வர்ட்டர் அதை ஷார்ட் என்று நினைத்து அணையும். இழை சூடாக நேரமே கிடைக்காது. மறுபடி முயற்சி, மறுபடி அணைதல். பல்பும் நல்லது, கன்வர்ட்டரும் நல்லது, ஆனால் லைட் எரியாது! எல்.இ.டி.க்காக அமைந்த ஸ்கூட்டரில் கூடுதல் ஹாலஜன் மாட்டுபவர்கள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வதுண்டு.

ஆன் ஆகும் கணமும் ஆபத்தானது. வெளிப்பக்கம் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள், முதல் கணத்தில் ஷார்ட் போலவே தோன்றும். அதனால் கன்வர்ட்டர் சட்டென்று 12-க்குத் தாவாமல் சில மில்லி நொடிகளில் படிப்படியாக ஏறும். சாஃப்ட் ஸ்டார்ட் என்பார்கள். இது வெறும் நல்ல பழக்கமாக நின்றுவிடவில்லை. 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததும், மார்ச் மாதம் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்ததும் நினைவிருக்கும். அதன் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரத்தை மத்திய அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக அது அமலுக்கு வந்தது. சார்ஜரில் சாஃப்ட் ஸ்டார்ட் இருக்க வேண்டும், பேட்டரி அளவுக்கு மீறி வற்றியிருந்தால் முதலில் மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும், குறித்த மின்னழுத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும் என்பவையெல்லாம் அதில் உண்டு.

செத்த சுவிட்சை எப்படி அணைப்பது?

எனக்கு இந்த விஷயத்திலேயே மிக முக்கியமாகப் படுவது இதுதான். கடையில் கேட்டால் “எல்லா புரொடெக்‌ஷனும் இருக்கு சார்” என்பார்கள். எல்லாம் என்றால் எது?

மாஸ்ஃபெட் சுவிட்ச் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகிக் கெடும். அதாவது நிரந்தரமாக மூடிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் பிரிவு இல்லாத மலிவு கன்வர்ட்டரில் அப்படி நடந்தால், பேட்டரியின் 48 வோல்ட் நேராக 12 வோல்ட் லைனில் இறங்கும். கட்டுப்பாட்டுச் சிப் ‘அணை, அணை’ என்று கத்தும். கேட்க அங்கே யாருமில்லை. ஹெட்லைட், ஹாரன், மொபைல் சார்ஜர், அதில் செருகியிருக்கும் மொபைல் எல்லாம் போய்ச் சேரும்.

ஆகவே கன்வர்ட்டரின் சுவிட்சையே நம்பியிருக்கும் பாதுகாப்பு, அந்த சுவிட்ச் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான். அதற்கு வெளியே இரண்டாவதாக ஒன்று வேண்டும். பழைய, நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. வெளிப்பக்க மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால், தைரிஸ்டர் என்ற பாகம் வேண்டுமென்றே வெளிப்பக்கத்தை ஷார்ட் செய்துவிடும். அதனால் உள்பக்க ஃபியூஸ் எரிந்து எல்லாம் நின்றுபோகும். முரட்டு வைத்தியம்தான். கன்வர்ட்டர் போய்விடும், மற்ற சாமான்கள் பிழைக்கும். இந்த வைத்தியம் பலிக்க ஃபியூஸ் சரியான அளவில் இருக்க வேண்டும். எரிந்த 5 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் “அடிக்கடி போகுதே” என்று 20 ஆம்பியர் போடுவது இந்த ஏற்பாட்டையே கழற்றி எறிவதற்குச் சமம். கம்பியைச் சுற்றி வைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் கைக்கு அடக்கமாக, நீல நிறத்தில் ஒரு சின்ன போர்டு கிடைக்கும். எல்.எம். 2596 என்ற சிப் இருக்கும். பொறியியல் மாணவர்களின் புராஜெக்டில் இது இல்லாமல் இருக்காது. நல்ல சிப்தான். மின்னோட்ட வரம்பும், சூடானால் அணையும் ஏற்பாடும் உள்ளே உண்டு. ஆனால் அதன் சாதாரண வகை தாங்கும் அதிகபட்ச உள்ளீடு 40 வோல்ட். ‘48 வோல்ட்’ லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் வரை போகும். இரண்டையும் இணைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த போர்டில் வெளிப்பக்க மின்னழுத்தம் எகிறினால் தடுக்கும் பாதுகாப்பும் கிடையாது, பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் காப்பாற்றவும் எதுவும் இல்லை. பாவம், அந்தச் சிப் செய்த தவறு எதுவுமில்லை.

உப்புக்காற்றும் மே மாத வெயிலும்

முட்டுக்காடு மாதிரி இடத்துக்கு வந்தால் கணக்கில் இன்னும் இரண்டு சேரும்.

ஒன்று சூடு. 93 சதவீதத் திறனுள்ள 120 வாட் கன்வர்ட்டர் சுமார் 9 வாட்டைச் சூடாக விடும். கேட்கச் சின்ன எண். ஆனால் காற்றோட்டமில்லாமல் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், போட் ஹவுஸ் வாசலில் மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்த வண்டியில், அது சின்ன விஷயமாக இருக்காது. நல்ல கன்வர்ட்டருக்கான விவரத்தாளில் ஒரு சாய்வுக் கோடு இருக்கும்: குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று படிப்படியாகக் குறைத்துக் காட்டும். பெட்டி மேல் ‘20 ஆம்பியர்’ என்று மட்டும் அச்சடித்திருந்தால், அது எந்த வெப்பநிலையில் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பாதிதான் கணக்கு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சூடு வரம்பை மீறினால் கன்வர்ட்டர் அணைந்துகொள்ளும். வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே நாள் முழுக்க ஓடினால் அணையாது, ஆனால் ஆயுள் கரையும். உள்ளே உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு.

இரண்டாவது உப்பு. இங்கே கடல் ஒரு பக்கம், காயல் ஒரு பக்கம். காற்றில் வரும் நுண்ணிய உப்பு போர்டின் மேல் படியும். ஈரப்பதத்தை இழுத்துக்கொண்டு மெல்லிய மின்கடத்தும் படலமாக மாறும். துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஆபத்து வேறு. வெளிப்பக்க மின்னழுத்தத்தை அளந்து சிப்புக்குச் சொல்வது இரண்டு ரெசிஸ்டர்கள் அடங்கிய சின்ன ஜோடி. அதில் கீழே இருக்கும் ரெசிஸ்டருக்கு இணையாக உப்புப் படலம் மின்சாரம் கசியவிட்டால், வெளியே குறைவாக இருக்கிறது என்று சிப் ஏமாந்து 12-ஐ 13, 14 என்று ஏற்றிக்கொண்டே போகும். தராசைத் திருத்திவிட்டு எடை போடுவது போல. மின்னழுத்த எல்லையைக் காவல் காக்கும் சர்க்யூட் அதே ஜோடியை நம்பாமல் தனியாக அளந்தால்தான் இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியும்.

கடற்கரைப் பகுதியில் ஓடும் வண்டிக்கோ, கோவளம் மீனவர்களின் படகில் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் கருவிக்கோ கன்வர்ட்டர் வாங்கினால், உள்ளே ரெசின் ஊற்றி முழுக்க அடைத்த வகையைப் பாருங்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், திறந்து பழுது பார்க்க முடியாது. இந்தக் காற்றுக்கு அதுதான் சரி. படகில் இன்னொன்றும் கவனிக்கணும். பேட்டரியிலிருந்து கருவி வரை நீளமான ஒயர் போகும். போக வர ஒயரின் தடை 20 மில்லி ஓம் என்றால், 10 ஆம்பியரில் 0.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். கருவியின் வாசலிலேயே அளந்து அந்த இழப்பை ஈடுகட்ட, சில கன்வர்ட்டர்களில் தனியாக இரண்டு மெல்லிய ஒயர் தருவார்கள். அதை இணைக்காமல் தொங்கவிட்டால் சில மாடல்களில் மின்னழுத்தம் எகிறும். இணைக்கச் சோம்பல்பட்டு வெட்டி விடாதீர்கள்.

யாரைக் காப்பாற்றும் பாதுகாப்பு?

இதுவரை பார்த்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஒரே வேலையைச் செய்கின்றன: ஆபத்து என்றால் அணை. கன்வர்ட்டரைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. வண்டியில் இருக்கும் மனிதருக்கு?

இரவு 9 மணி, ஈ.சி.ஆரில் 60 கி.மீ. வேகத்தில் ஸ்கூட்டர். சூடு வரம்பைத் தாண்டியதால் கன்வர்ட்டர் ஒழுங்காக, விதிப்படி அணைகிறது. ஹெட்லைட், பின் லைட், ஹாரன் மூன்றும் ஒரே நேரத்தில் போகின்றன. பின்னால் வரும் பஸ்ஸுக்கு நீங்கள் கண்ணில் படவே மாட்டீர்கள். 300 ரூபாய் பாகம் பத்திரம். ஓட்டுபவர்?

முட்டுக்காட்டிலேயே, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் ஈ.சி.ஆர். ஓரத்தில் இருக்கிறது. மின்சார சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அந்த நாற்காலிகளில் பொதுவாக மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். சரிவில் உருண்டு போகாமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் சாலையைக் கடக்கும் நடுவில் ஒரு பாகம் சூடானதற்காக நாற்காலி பூட்டிக்கொண்டால், உட்கார்ந்திருப்பவர் இறங்கித் தள்ள முடியாது. எச்சரிக்கை கொடுத்து, வேகத்தைக் குறைத்து, ஓரத்துக்குப் போக அவகாசம் தந்து அணைவதுதான் அங்கே பாதுகாப்பு.

கார்களில் இந்தச் சிந்தனை ஓரளவு வந்திருக்கிறது. ஐயோனிக் 5 கோளாறிலும் கார் உடனே செத்துவிடாமல், எச்சரிக்கை காட்டி, சக்தியைக் குறைத்துக் கொஞ்ச தூரம் ஓடும். நடுவில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தாங்கிப் பிடிப்பதால் இது முடிகிறது. செலவு, எடை குறைக்க அந்தச் சின்ன பேட்டரியே இல்லாமல் வரும் மலிவு ஸ்கூட்டர்களில், கன்வர்ட்டர் அணைந்த நொடியே இருட்டுதான். வண்டி வாங்கப் போகும்போது ரேஞ்ச், டாப் ஸ்பீடு, ஆப் எல்லாம் கேட்கிறோம். “கன்வர்ட்டர் போனா லைட் எவ்வளவு நேரம் எரியும்?” என்று கேட்டுப் பாருங்கள். ஷோரூமில் ஒரு கணம் அமைதி நிலவலாம்.

அணைவதற்கு முன் சொல்லிவிட்டு அணைய கன்வர்ட்டருக்கு வழி இல்லாமலில்லை. பல மாடல்களில் ‘வெளியீடு சரியாக இருக்கிறது’ என்று அறிவிக்கும் ஒரு ஒயர் தனியாக உண்டு. விலை கூடியவற்றில் வெப்பநிலை, மின்னோட்டம் எல்லாவற்றையும் எண்களாகவே அனுப்பும் வசதியும் இருக்கும். வண்டியின் கணினி அதைக் கேட்டு, 12 வோல்ட் விழும் முன்பே சீட் வார்மர், மொபைல் சார்ஜர் போன்றவற்றை நிறுத்தி ஹெட்லைட்டுக்கு வழிவிடலாம். வெளியிலிருந்து ஒரு சிக்னல் கொடுத்து கன்வர்ட்டரை ஆன், ஆஃப் செய்யும் இன்னொரு ஒயரும் பெரும்பாலான மாட்யூல்களில் இருக்கும். பூட்டி நிறுத்திய வண்டியில் பேட்டரி வீணாக வடியாமல் இருக்க அது உதவும். மலிவுப் பெட்டியில் இந்த ஒயர்கள் வெளியே வருவதில்லை. சிவப்பு, கருப்பு, மஞ்சள் என்று மூன்றோடு கதை முடிந்துவிடும்.

டிசி மின்சாரத்தை நேராகப் பயன்படுத்துவது வண்டிகளோடு நிற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 48 வோல்ட் டிசியில் ஓடும் சூரிய மின் அமைப்பை உருவாக்கியது. ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜெய்சல்மேர் பக்கத்தில் மின்கம்பி போகாத வீடுகளில் ஃபேன், எல்.இ.டி. விளக்குகள் அதில் ஓடின. 48 ஏன்? 60 வோல்ட் டிசிக்குக் கீழே இருந்தால் தொட்டாலும் உயிராபத்து மிகக் குறைவு என்று பொதுவாக வகுத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் ஒரு கன்வர்ட்டர், அதே வரம்புகளோடு.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். காரில் 12 வோல்ட் பேட்டரி அல்லது ‘மின் அமைப்பைச் சோதிக்கவும்’ என்று எச்சரிக்கை வந்தால், பெரிய பேட்டரியின் சதவீதத்தைப் பார்த்துத் தைரியமாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம், ஏ.சி.யைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். வண்டி ஆன் நிலையில் 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் சாதாரணமாக 13.5 முதல் 14.7 வரை காட்டும். சில வண்டிகள் பேட்டரி நிறைந்ததும் இதைவிடக் கொஞ்சம் குறைத்து வைக்கும். ஆனால் ஆன் செய்த பிறகும் 12.4, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் கன்வர்ட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று அர்த்தம். ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். அது உயர் மின்னழுத்தம். உங்கள் கார் திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா என்பதை, ஆர்.சி. புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ பார்த்துக்கொள்ளலாம். இருந்தால், திரும்ப அழைத்ததன் கீழ் செய்யும் பழுதுக்குக் காசு வாங்க மாட்டார்கள்.